மணல் சத்தத்துக்கு ஊதிய விசில்

அந்த வெளிநாட்டுக் கூடைப்பந்து லீக் மறுபடியும் இந்தியாவுக்கு வருகிறதாம். இந்த முறை இரண்டு காட்சி ஆட்டம் ஆடிவிட்டு விமானம் ஏறுகிற கதை இல்லை. இங்கேயே ஓர் அணி வைத்து, நடுவர்களையும் இங்கிருந்தே எடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் மாவட்ட நடுவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. "அண்ணே, நீங்க அவங்ககூட நின்னு ஊதினவரு. எப்படி இருந்துச்சுன்னு எழுதிப் போடுங்க" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மாதான் இருப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சரி, எழுதுகிறேன். ஆனால் அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சந்தானம் சாரைப் பற்றித்தான் அதிகம் வருகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. கூடைப்பந்து ஆடியதால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நெய்வேலியில் வேலை கிடைத்தது. மைன்ஸில் நிலக்கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்பு. முழங்கால் போன பிறகு ஆட்டத்தை விட்டு விசிலை எடுத்தேன். தேர்வு எழுதினேன், பாஸ் செய்தேன், ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊதினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நடுவர் வேலையில் எனக்குப் பிடித்ததே யார் ஜெயித்தாலும் நமக்கு ஒன்றும் இல்லை என்பதுதான். வீட்டில் டிவியில் ஆட்டம் பார்க்கும்போதுகூட நான் கைதட்ட மாட்டேன். என் மனைவி இதைப் பெரிய குறையாகச் சொல்வாள்.

சந்தானம் சார் மைன்ஸில் எனக்கு ஃபோர்மேன். மைதானத்தில் தலைமை நடுவர். இரண்டு இடத்திலும் குரலை உயர்த்தமாட்டார். யாராவது கத்திக்கொண்டு வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கத்துகிறவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி நிற்பார். கத்துகிறவர் கொஞ்ச நேரத்தில் தன் பொத்தானைத் தானே குனிந்து பார்ப்பார். அதோடு சண்டை முடிந்துவிடும். எனக்கு அவர் ஆரம்பத்தில் சொன்னது ஒன்றே ஒன்று: "பார்ட்னர் விசில் உன் விசில். அவன் ஊதிட்டான்னா நீயும் ஊதினதா அர்த்தம். அப்புறம் மூஞ்சிய சுளிக்கக்கூடாது." ஆட்டத்தில் நடுவர்கள் இருவர். ஒருவர் ஊதியதை இன்னொருவர் மைதானத்தில் மறுத்தால் இருவர் மானமும் போகும் என்பது அவர் கட்சி. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் கட்சி.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

எங்கள் குடியிருப்புப் பிளாக்கில் இருப்பது திறந்தவெளி சிமென்ட் கோர்ட். சாயங்காலத்துக்குள் அதன்மேல் பொடிமணல் ஒரு படலமாக வந்து உட்கார்ந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் பெருக்க ஆள் உண்டு. சுப்பிரமணி என்று ஒருவர். சந்தானம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கோர்ட்டைச் சுற்றி வருவார். ஓர் இடத்தில் நின்று, "போதும் சுப்பிரமணி, விட்டுடு. முழுசாப் பெருக்காத" என்பார். ஆட்டக்காரர்கள் வழுக்குகிறது என்று முணுமுணுப்பார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். காரணம் எனக்கே கொஞ்ச காலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மணல் இருந்தால் ஒவ்வொரு காலடிக்கும் 'சரக்' என்று ஒரு சத்தம் வரும். பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு காலடிக்கு மேல் எடுத்து வைத்தால் அது ட்ராவல். பந்து எதிரணிக்குப் போய்விடும். சார் காலைப் பார்ப்பதே இல்லை. கையையும் உடம்பையும் பார்த்துக்கொண்டு, காலடியைக் காதால் எண்ணுவார். பந்து தரையில் மோதும் கடைசிச் சத்தத்துக்குப் பிறகு சரக், சரக், மூன்றாவது சரக் கேட்டால் விசில். அந்த விசிலும் மூன்றாவது சத்தத்தோடு ஒட்டிக்கொண்டே வரும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நாங்கள் கன்வேயர்க்காரர்கள். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் எந்த ரோலர் பழுது என்று பார்த்தா கண்டுபிடிக்கிறோம்? நடந்துகொண்டே கேட்கிறோம். காதுக்குப் போட்டுக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். ரோலரைச் சோதிக்கும்போது அதில் ஒன்றை உருவிவிடுவோம். அதே காதோடு சாயங்காலம் கோர்ட்டுக்கு வந்து நின்றோம். அவரைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து இன்னும் நாலு பேரும் காதால் ஊதுகிற நடுவர்களாகிவிட்டோம். சரியாகத்தான் ஊதினோம்.

அந்த லீக் சென்னைக்குக் காட்சி ஆட்டம் ஆட வந்தபோது, ஒரு வாரப் பயிற்சி முகாம் வைத்து, உள்ளூர் நடுவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். நடுவர்களுக்கு மேற்பார்வையாளராக வந்தது ஒரு பெண்மணி, மார்த்தா என்று பெயர். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவரும் குரலை உயர்த்தாத ரகம்தான். ஆனால் சந்தானம் சாருக்கு நேர் எதிராக, யாரும் எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளக்கூடாது என்பார். நடுவர்கள் இருவரும் மாறுபட்டால் மைதானத்தின் நடுவுக்கு வந்து எல்லோர் முன்னாலும் பேசவேண்டும். "நீ பார்த்தது என்ன, நான் பார்த்தது என்ன" என்று கேட்டு, தப்பு என்றால் அங்கேயே மாற்றவேண்டும். எங்களுக்கு இது சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது.

முகாம் நடந்தது மரத்தரை போட்ட உள்ளரங்கில். ஷூ எல்லாம் கீச் கீச்சென்று கத்துகிறது. காலை வைத்தாலும் கீச், திருப்பினாலும் கீச். என் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊதவேண்டியதை விட்டேன், விடவேண்டியதை ஊதினேன். மார்த்தா இரண்டு நாள் கவனித்தார். மூன்றாம் நாள் ஆட்டத்தை நிறுத்தி, என் அருகே வந்து மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புரிந்தது இது: நீ காலைப் பார்க்கவில்லை, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாய்.  எத்தனையோ வருடமாக எங்கள் ஊரில் எங்கள் நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. மணல் கதையைத் திக்கித்திக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காதை அடைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பையில் மைன்ஸ் அடைப்பான் கிடந்தது. அதை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு முகாமின் மீதி நாட்கள் முழுக்க நின்றேன். முதல் நாள் குருடன் மாதிரித்தான் இருந்தது. பிறகு கால் தெரிய ஆரம்பித்தது.

கால் தெரிந்த பிறகுதான் அந்த லீக் ஆட்டக்காரர்கள் போடும் ஒரு அடியும் புரிந்தது. ஓடிவருகிறான், தரையில் பட்டு எழும்பும் பந்து கைக்குள் அடங்குவதற்குள் ஒரு காலை வைத்துவிடுகிறான். பந்து பிடிபட்ட பிறகு ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. தடுக்க வந்தவன் ஆகாயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். சத்தத்துக்கு மூன்று அடி. கணக்குக்கு இரண்டுதான். மார்த்தா சொன்னார்: "ஒரு காலத்தில் எங்கள் நடுவர்களும் இதை ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். வேறு வேறு நாட்டிலிருந்து ஆட்டக்காரர்கள் எங்கள் லீக்குக்கு வந்தார்கள். நாங்கள் ஊத ஊத, அவர்கள் திரும்பத் திரும்ப அதையே போட்டார்கள். கடைசியில் நாங்கள்தான் காலை உற்றுப் பார்க்கக் கற்றோம்." வெளியூர்க்காரன் வந்து வீட்டுக்காரனுக்குக் கண்ணாடி போட்டுவிட்ட கதை. பிறகு சர்வதேச விதிப் புத்தகத்திலும் அந்த முதல் கால் பூஜ்யம், கணக்கில் சேராது என்று வந்துவிட்டது. எங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. சந்தானம் சார் படித்துவிட்டு, "ஒண்ணாங்கால் இருக்கு, ரெண்டாங்கால் இருக்கு. பூஜ்யம்னு ஒரு கால் எவனுக்கு இருக்கு?" என்று மடித்து வைத்துவிட்டார்.

லீக் திரும்பிப் போகுமுன் தன் ஆட்டக்காரர்களைச் சில ஊர்களுக்கு ஒரு நாள் அனுப்பியது. நெய்வேலிக்கு வந்தவர் அர்ஜென்டினாக்காரர், அவர்கள் கணக்கில் குள்ளம். பேச மொழி இல்லை. அந்த அடியை மெதுவாக நடந்து காட்டினார், திரும்ப நடந்து காட்டினார். பையன்கள் அவரோடு செல்பி எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ரேவதி என்ற பெண் மட்டும் அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள்.

ரேவதி காடாம்புலியூர். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி, கடைசிவரை பர்மனன்ட் ஆகாதவர். எங்கள் மாவட்டப் பெண்கள் அணியில் அவள்தான் முக்கியமான ஆள். "என்னம்மா, புரிஞ்சுதா அவரு காட்டுனது?" என்று கேட்டேன்.

"இது நமக்குத் தெரிஞ்சதுதான் சார். வரப்புல போய்கினு இருக்கசொல்ல எதிர்ல ஆள் வந்தா இப்டி ஒரு கால் இப்டி ஒரு கால் வச்சிதான ஒதுங்குவோம்? தலைல கட்டு இருந்தா இன்னும் நல்லா வரும்" என்றாள்.

அடுத்த வருடம் மண்டலப் போட்டி நெய்வேலியில் நடந்தது. பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு எங்கள் மாவட்டம் வந்துவிட்டது. ஜெயிக்கும் அணியிலிருந்துதான் மாநில அணிக்குப் பெரும்பாலும் ஆள் எடுப்பார்கள். மாநில அணியில் ஆடினால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு மனுப் போடலாம். ரேவதிக்கு அந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. கேலரியில் அவள் அப்பா ஷிப்ட் முடித்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்த ஆட்டம் போனால் அவளுக்கும் கான்ட்ராக்ட்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சொந்த மாவட்டம் ஆடும்போது வெளியூர் நடுவர்கள்தான் நிற்கவேண்டும். வரவேண்டியவர்களின் பஸ் சேத்தியாத்தோப்பில் பழுதாகி நின்றுவிட்டது. எதிரணிப் பயிற்சியாளரே வந்து, "சந்தானம் சார் நிக்கட்டும். அவரு சொந்தப் பொண்ணு ஆடினாலும் ஊதுவாரு. எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்துப் போட்டார். கூட நிற்க நான். சார் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிச் சுற்றி வந்தார். "போதும் சுப்பிரமணி" என்றார். மணல் இருந்தது.

கடைசி நிமிடம் வரை ஆட்டம் ஒட்டிக்கொண்டே போனது. எங்கள் பெண்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, சில நொடிகள்தான் பாக்கி. ரேவதி வலது பக்கத்திலிருந்து உள்ளே பாய்ந்தாள். நான் கூடைக்குக் கீழே எல்லைக்கோட்டில் நின்றேன். அவள் கால் நேராக என்னை நோக்கி வந்தது. சார் அவளுக்குப் பின்னால். பந்து தரையில் பட்டு எழும்பியது, கைக்குள் வருமுன் இடதுகால் பதிந்தது. பந்து பிடிபட்டது. ஒன்று, இரண்டு. தடுக்க வந்தவள் வெறும் காற்றைப் பிடித்தாள். ரேவதி கையைத் தூக்குவதற்கும் விசில் வருவதற்கும் சரியாக இருந்தது. சாரின் விசில். பந்து அதற்குப் பிறகுதான் கையை விட்டுப் போனது, கூடைக்குள் விழுந்தது, கணக்கில் இல்லை. சார் இரு முஷ்டியையும் சுற்றிக் காட்டினார். ட்ராவல்.

கேலரியில் பாதி எழுந்து திட்டியது, மீதி, "ட்ராவல்தான், மூணு வச்சா" என்றது. ரேவதி பந்து விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை. எதிரே இருப்பது என் ஃபோர்மேன், எனக்கு விசில் கொடுத்தவர். பேசினால் சொந்த மாவட்டத்துக்காகப் பேசினேன் என்று காலத்துக்கும் சொல்வார்கள். அவர் பெயரும் சேர்ந்து கெடும். பேசாவிட்டால், பார்த்தவன் நான் ஒருவன்தான். கால்கள் தாமாக மைதானத்தின் நடுவுக்குப் போயின. கையைத் தூக்கி அவரைக் கூப்பிட்டேன். எங்கள் கோர்ட்டில் யாரும் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. 

சார் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"சார், சத்தம் மூணுதான். நானும் கேட்டேன். ஆனா முதல் கால் வைக்கும்போது பந்து கையில இல்ல."

"பூஜ்யமா?"

"ஆமா சார்."

"ராமலிங்கம், அந்தப் பொண்ணு ஜெயிக்கணும்னு சொல்றியா, பாத்ததைச் சொல்றியா?"

"ரெண்டும் இருக்கு சார். ஆனா பாத்ததைத்தான் சொல்றேன்."

பொத்தானிலிருந்து பார்வையை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். மேஜை நடுவர்களிடம் போய், "விசில் தப்பு. ட்ராவல் இல்ல" என்றார். எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்தார். சார் கையைக் கட்டவில்லை, பொத்தானைப் பார்க்கவில்லை. "தப்பு என்னுதுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆனால் விழுந்த பந்து விழாததுதான். விசில் வந்த கணமே பந்து செத்துவிட்டது. அதை எந்த நடுவராலும் உயிர்ப்பிக்க முடியாது. பந்தை ரேவதியின் அணிக்கே பக்கவாட்டிலிருந்து திருப்பித் தரலாம், அவ்வளவுதான். அதே புள்ளி வித்தியாசம், அதே சில நொடிகள். தப்பைத் திருத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். நடந்தது என்னவென்றால், ஒருமுறை செய்து முடித்ததை அவள் இன்னொரு முறை செய்யவேண்டும்.

பந்தை உள்ளே வீசப்போகும் பெண்ணிடம் கொடுக்க நான் தயாரானேன். சார் கையை உயர்த்தி நிறுத்தினார். கோர்ட்டுக்கு வெளியே பார்த்து, "சுப்பிரமணி, தொடப்பத்த எடுத்துட்டு வா" என்றார்.

எல்லோருக்கும் குழப்பம். ரேவதி எந்த வழியாக ஓடிவந்தாளோ அந்த வலது பக்கத்தைக் கையால் காட்டி, "இங்கேருந்து கூடை வரைக்கும் பெருக்கு" என்றார். சுப்பிரமணி பழக்கதோஷத்தில் பாதியில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்ட? சுத்தமாப் பெருக்கு. பொட்டு மணல் இருக்கக்கூடாது." கேலரியில் ஊளையிட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அவர் தன் காதைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று. பெருக்கி முடித்ததும் இந்தப் பக்கம் வந்து, "நீ பின்னால நில்லு. கூடைக்குக் கீழ நான் நிக்கிறேன்" என்று இடத்தை மாற்றிக்கொண்டார்.

பந்து உள்ளே வந்தது. எதிரணியில் இருவர் ரேவதியை மறித்தார்கள். அவளிடம் வேறு ஆட்டமும் இருந்தது. சற்றுத் தள்ளி நின்றே எறிந்திருக்கலாம். ஒருமுறை ஊதப்பட்ட அடியை, ஊதியவர் முகத்துக்கு நேரே மறுபடி வைக்க யாரும் தயங்குவார்கள். அவள் அதையேதான் வைத்தாள். இடதுகால் பதிந்தது, பந்து கைக்குள் வந்தது, ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. பெருக்கிய தரையில் ஒரு சத்தமும் இல்லை. சார் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணிமைக்காமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதவில்லை. பந்து பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது.

அன்றும் நான் கைதட்டவில்லை. கையில் பந்து இருந்திருந்தால் விட்டெறிந்திருப்பேன், அது வேறு.

ரேவதி மாநில அணிக்குப் போனாள். அலைந்து திரிந்துதான் வேலை கிடைத்தது, ஆனால் கிடைத்தது. வேறு மாவட்டத்தில் பர்மனன்டாக இருக்கிறாள். நான் எங்கள் ஊருக்காக விசிலை மாற்ற வைத்தேன் என்ற பேச்சு இன்றுவரை சில இடங்களில் உண்டு. அதன்பிறகு கொஞ்ச காலம் எனக்கு இறுதி ஆட்டங்கள் தரவில்லை. பொருட்படுத்தவில்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் தூக்கம் கெடவில்லை.

அன்று ஆட்டம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். ரேவதியும் அவள் அப்பாவும் வந்தார்கள். அப்பா சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணுங்க" என்றார்.

"எனக்கு எதுக்குங்க நன்றி? ஊதினவனே நான்தான்" என்றார் சார். ரேவதி சிரித்துவிட்டாள். காடாம்புலியூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பினார்கள்.

அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை சார் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது அந்தப் பெண்ணின் காலைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

"நீ சொன்னது சரிதான் ராமலிங்கம். பந்து கையில இல்ல. நல்லாத் தெரியுது."

"ஆமா சார்."

"இதே மாதிரி வச்சவங்க முன்னாடியும் இருந்திருப்பாங்கல்ல? எத்தனை பேருக்கு ஊதிட்டனோ."

அவர் முகம் எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப ரூல் வேற சார். அப்ப அது ட்ராவல்தான். நீங்க சரியாத்தான் ஊதினீங்க" என்றேன்.

சைக்கிள் பூட்டைத் திறந்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"ரூல் வேறதான். ஆனா நான் பாக்கலையே" என்றார்.